ஓகூஸ் கடைவாசலில் நான் தூக்கிய குழந்தை

எனக்கு வயது எழுபத்திரண்டு. ஏழு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். பிள்ளை வளர்ப்பில் எனக்கு ஒருவரும் பாடம் சொல்லத் தேவையில்லை என்றுதான் இருந்தேன்.

மொன்ட்ரியாலில் இருந்து, டென்மார்க்கின் ஓகூஸ் நகரத்தில் இருக்கும் மகளிடம் போயிருந்தேன். ஒரு மாலை ஆற்றங்கரைக் கடைத்தெருவில் பாட்டுக் கேட்டு, பொரித்த மீன் சாப்பிடப் போனோம். மகள் சாப்பாடு வாங்க ஒரு கடைக்குள்ளே போனாள். கடைவாசலில் ஒரு தள்ளுவண்டிக்குள் கைக்குழந்தை தனியே கிடந்தது. நல்ல குளிர். அது சிணுங்கவும் மனம் பொறுக்கவில்லை. தூக்கிச் சால்வைக்குள் அணைத்துக்கொண்டு தாயைத் தேடி நடந்தேன்.

பின்னால் ஒருத்தி அலறிக்கொண்டு ஓடிவந்து குழந்தையைச் சால்வையோடு பறித்தாள். சனம் சூழ்ந்துகொண்டது. ஒருவர் கைத்தொலைபேசியில் பொலிசை அழைத்தார். பாஷை தெரியாமல் மகள் போன கடைப்பக்கம் கையைக் காட்டினேன்.

மகள் ஓடிவந்தாள். "அம்மா, ஆரின்ரை பிள்ளையைத் தூக்கினனீங்கள்?"

"குளிருக்கை ஆரோ விட்டிட்டுப் போட்டினம், பிள்ளை!"

"ஐயோ, இஞ்சை பிள்ளையளை வெளியிலைதான் நித்திரையாக்குறவை. தாய் கடைக் கண்ணாடிக்குள்ளாலை பாத்துக்கொண்டு இருந்தவவாம்."

மகள் விளக்கிச் சொன்னதும், அந்தத் தாய் குழந்தையைச் சுற்றியிருந்த என் சால்வையைத் தடவிப் பார்த்தாள். பொலிஸ் வேண்டாம் என்று கைகாட்டினாள்.

இப்போது எங்கே குழந்தை தனியே அழுதாலும் தூக்குவதில்லை. பக்கத்தில் நின்று, குரல் கொடுத்து ஆளைக் கூப்பிடுகிறேன்.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதியது பேத்தி. முடிந்ததும் அவளிடம் கேட்டேன்: "எங்கை, ஒருக்கா வாசி மோனை. பிள்ளை களவெடுத்தவள் எண்டு எங்கையும் எழுதிப்போட்டியோ?"