போவதற்கு இரண்டு வினைகள்

ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் வெளிநாட்டு மொழி என்றால் பிரெஞ்சுதான். வேறு ஒன்று இருப்பதாக யாரும் எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஸ்லாவிய மொழிகளும் இலக்கியமும் படிக்க விண்ணப்பித்திருக்கிறேன் என்று சொன்னதும், கோவில்பத்தில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, "சலவை படிக்கவா அவ்ளோ தூரம் போற?" என்று கேட்டார். ரஷ்ய மொழி என்று விளக்கினேன். முகம் தெளிந்து, அப்படியானால் டாக்டருக்கா என்றார். ரஷ்யாவுக்குப் போனவர்கள் டாக்டராகத் திரும்புவதைத்தான் அவர் பார்த்திருக்கிறார். நான் விண்ணப்பித்தது அமெரிக்காவுக்கு என்று சொல்ல வாயெடுத்துவிட்டு, வேண்டாமென்று விட்டுவிட்டேன். எனக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி.

எல்லாம் அப்பாவின் அலமாரியில் ஆரம்பித்தது. கல்லூரி நாளில் அவர் மலிவாக வாங்கிய, தமிழில் வந்த ரஷ்யக் கதைப் புத்தகங்கள் அதில் இருந்தன. கோடை விடுமுறையில், வியர்வையில் பக்கங்கள் விரலோடு ஒட்ட, பனி பெய்வதைப் படித்தேன். பிர்ச் மரம் எப்படியிருக்கும் என்று தெரியாது. ஒல்லியாக, உயரமாக இருக்கும் என்று எழுதியிருந்ததால் சவுக்கு என்று நானே முடிவு செய்துகொண்டேன். மண்டபத்தூர் கடற்கரையில் சவுக்குத் தோப்புக்குள் பனி விழும். குதிரை வண்டிகள் மணியொலியோடு கடலை நோக்கிப் போகும். அலை மட்டும் உறையாமல் கிடக்கும். உண்மையான பிர்ச் மரத்தைப் படத்தில் பார்த்த பிறகும் அந்தத் தோப்பு என்னை விட்டுப் போகவில்லை.

பிறகு கைப்பேசியை வைத்துக்கொண்டு மொழியைக் கற்றேன். அந்த மொழியில் எல்லோரையும் திணறவைக்கும் ஓர் உயிரொலி உண்டு. எனக்கு அது கஷ்டமாகவே இல்லை. 'காற்று' என்று சொல்லி முடிக்கும்போது வாய்க்குள் கரைகிற கடைசி உகரத்துக்கு வெகு பக்கத்தில் இருந்தது. அந்த ஒலி என் வாயில் ஏற்கெனவே இருந்தது என்று தெரிந்த அன்று முழுக்க ஏதோ மிதப்பில் திரிந்தேன்.

முதல் வருடம் விண்ணப்பித்த இடமெல்லாம் கையை விரித்தது. இரண்டாம் வருடம் ஒரே ஒரு பல்கலைக்கழகம் நேர்காணலுக்கு அழைத்தது. அதுவும் தவறினால் பி.எட். சேர்ந்துவிடுகிறேன் என்று அப்பாவிடம் ஒத்துக்கொண்டிருந்தேன். அவர் போகச் சொல்லவும் இல்லை, தடுக்கவும் இல்லை. அம்மா இறந்த பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். நான் போய்விட்டால் அலுவலகம் விட்டு வந்து அவரே பூட்டைத் திறந்துகொள்ள வேண்டும். அதை அவர் சொன்னதில்லை. ஆனால் அது இரண்டு பேருக்குமே தெரியும்.

வாசலில் நின்று 'போறேன்' என்று சொல்வது எங்கள் வீட்டில் ஆகாது. கடைக்குப் போனாலும் 'போயிட்டு வர்றேன்' என்றுதான் சொல்ல வேண்டும். அப்பா இதில் ரொம்பக் கறார். சிலிண்டர் போட வந்தவர் கிளம்பும்போதுகூட "போயிட்டு வாங்க" என்பார்.

நேர்காணல் தை மாதத்து ஒரு சாயங்காலம். சன்னல் வழியே புது வைக்கோல் வாசம் வந்துகொண்டிருந்தது. திரையில் ஒரு பேராசிரியையும் இளவயதுப் பேராசிரியர் ஒருவரும் இருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் கண்ணாடிக்கு வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு, மனப்பாடம் செய்த பதில்களை ஒப்பித்தேன். எனக்கே அவை சப்பென்றிருந்தன. முடிந்தது என்று தோன்றியதும் எழுந்து, கைகூப்பி, ரஷ்ய மொழியில் "போய் வருகிறேன்" என்று சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்தேன்.

இருண்ட திரையில் என் முகம் மட்டும் தெரிந்தது. பள்ளிவாசலில் பாங்கு சொல்லி முடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். அப்போது ஒரு மின்னஞ்சல் வந்தது. வருவதாகச் சொல்லிவிட்டுப் போனீர்களே, காத்துக்கொண்டிருக்கிறோம் என்று எழுதியிருந்தது.

வெட்கத்தில் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஏதோ எடுத்துவர எழுந்து போனேன் என்று நினைத்து, அந்தப் பனிச் சன்னலின் முன்னால் இரண்டு பேரும் பொறுமையாக உட்கார்ந்திருந்தார்கள். மறுபடியும் இணைந்து, எங்கள் ஊரில் உயிரோடு இருப்பவர்கள் வெறுமனே 'போகிறேன்' என்று சொல்ல மாட்டார்கள் என்று விளக்கினேன். பேராசிரியை முன்னால் சாய்ந்தார். ரஷ்ய மொழியில் போவதற்கு இரண்டு வினைகள் உண்டு. ஒன்று ஒரே திசையில் போவதற்கு, மற்றது போய்த் திரும்புவதற்கும் வழக்கமாகப் போய்வருவதற்கும். உங்கள் ஊர்க்காரர்கள் இதில் எதை எடுப்பார்கள் என்று கேட்டார். அதன்பிறகு நான் ஒப்பிக்கவில்லை. சிலிண்டர்காரர், அப்பா, சவுக்குத் தோப்பு என்று எதையெதையோ பேசினேன். சந்தோஷமாக இருந்தது.

இடம் கிடைத்தது. அப்பாவிடம் சொன்னபோது, அந்த இரண்டு வினைகளையும் ஒருமுறை விளக்கச் சொன்னார். கவனமாகக் கேட்டார். பிறகு வண்டிக்கு எண்ணெய் மாற்ற வேண்டும் என்று வெளியே போய்விட்டார்.

கிளம்பிய அன்று விடியும் நேரத்தில், திருச்சி விமான நிலையம் போக கார் வாசலில் நின்றது. பக்கத்து வீட்டு அக்கா தூக்கக் கலக்கத்தோடு வந்து, நல்லா சலவை பண்ணிட்டு வா என்று சொல்லிச் சிரிக்கவைத்தார். பெட்டியை உள்ளே வைத்துவிட்டு அப்பா என் பக்கமாக வந்து நின்றார். நான் "போயிட்டு வர்றேன்ப்பா" என்றேன்.

"வரணுமே வரணுமேன்னு நெனச்சுக்கிட்டே படிக்காத பாப்பா. போ."

அவ்வளவுதான். 'வா' என்பது வரவில்லை. அவர் வாயிலிருந்து 'போ' என்பதைத் தனியாகக் கேட்டது அதுதான் முதல்முறை. மறந்து சொல்லவில்லை, தெரிந்துதான் சொன்னார். கார் சுரக்குடியைத் தாண்டும்போது வயல்களில் மூடுபனி வெள்ளையாகக் கிடந்தது. கண்ணாடியை இறக்கிவிட்டு அழுதேன்.