கெண்டைக்காலும் தோழியின் காரும்

கிள்ளானிலிருந்து ஷா ஆலம் அலுவலகத்துக்குத் தினமும் என்னைக் காரில் அழைத்துப்போகும் தோழி, “கீழ வந்துட்டேன் லா” என்றால் இன்னும் வீட்டில் தலை வாரிக்கொண்டிருக்கிறாள் என்று பொருள். ஒருநாள் அதை நம்பி மாடிப்படியில் தடதடவென்று இறங்கியதில் கெண்டைக்கால் தசை கிழிந்தது. கீழே காரும் இல்லை.

வலி குறைந்ததும் பிசியோதெரபிஸ்ட், “படி விளிம்புல நின்னு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்க அக்கா, தினமும் நாப்பது தடவை” என்றார். அதற்கெல்லாம் எனக்கு ஏது நேரம் என்று எரிச்சல் வந்தது. பிறகு தோழிக்காகக் காத்து நிற்கும் கடைசிப் படியிலேயே செய்யத் தொடங்கினேன். முதல் வாரம் கைப்பிடியை விடவே முடியவில்லை. மூன்றாம் மாதம் ஒற்றைக் காலில் எழும்பினேன்.

நேற்று அவள் சொன்ன நேரத்துக்கே வந்து ஹார்ன் அடித்தாள்.

“இன்னும் பத்து இருக்கு, இரு லா” என்றேன்.

இத்தனை வருடத்தில் முதல்முறையாக அவள் எனக்காகக் காத்திருந்தாள்.