டெக்சாஸ் மாறும் என்று நான் சொன்னது

அமெரிக்கத் தேர்தலில் டெக்சாஸ் இந்தத் தடவை கட்சி மாறும் என்று யாங்கூனின் மிங்கலா தாங்ஞுன்ட் டீக்கடையில் நான் போட்ட சத்தத்தில் பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து போயிருக்கிறார்கள். அமெரிக்காவை நான் பார்த்ததில்லை. பாலம் தாண்டித் தன்லியினில் இருக்கும் தொழிற்சாலைக்குப் போய்வருவதற்கே மூச்சு வாங்குகிறது. ஆனாலும் ஜார்ஜியா எப்படிக் கை நழுவியது, அரிசோனா ஏன் ஊசலாடுகிறது, வட கரோலினா எப்போது கவிழும், எல்லாம் எனக்குத்தான் தெரியும். ஃப்ளோரிடாவைப் பற்றி மட்டும் கேட்கக் கூடாது. அது நான் சொன்னதற்கு நேர் எதிராகப் போய் என் மானத்தை வாங்கிவிட்டது.

என் மகள் கல்யாணமாகிப் போனது டெக்சாஸுக்குத்தான். அங்கே ஓட்டுரிமையும் வாங்கிவிட்டாள். தேர்தலுக்கு முன்னால் கடையில் சொன்னேன்: "வெளியூர்லேருந்து போய்க் குடியேறினவன் எவன்யா அந்தப் பழமைக் கட்சிக்குப் போடுவான்? எங்க வீட்லயே ஓட்டு இருக்கு, பாத்துக்கோ."

"அண்ணே, மககிட்ட கேட்டீங்களா?" என்றான் என்னோடு டீ குடிக்கிற சர்ச் குமாஸ்தா.

"அவ என் ரத்தம். கேக்கணுமாக்கும்?"

டெக்சாஸ் மாறவில்லை. முன்னைவிடச் சிவப்பாகிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை கரண்ட் வந்ததும், இங்கே தடை செய்த ஆப்பைத் திறக்க விபிஎன் போட்டு வைத்தேன். வழக்கம்போல மகள் கூப்பிட்டாள். யாருக்குப் போட்டாய் என்றேன்.

"சிவப்புக்குத்தான். நீங்கதானேப்பா சொல்லிக் கொடுத்தீங்க?"

யாங்கூனில் அவள் முதல் ஓட்டுப் போடப் போன அன்று, "கண்ண மூடிக்கிட்டு சிவப்புல குத்து" என்று தெரு கேட்கக் கத்தியவன் நான்தான். எங்களுக்குச் சிவப்பு என்றால் ஜனங்கள் பக்கம், பச்சை என்றால் ராணுவ யூனிஃபார்ம் பக்கம். அமெரிக்காவில் சிவப்பு அந்தப் பழமைக் கட்சியின் நிறம்.

"அங்க சிவப்பு வேறடி, கழுத!"

"தெரியும்ப்பா. தெரிஞ்சுதான் போட்டேன். இங்க சாமான் விலை என்னன்னு உங்க டீக்கடைக்குத் தெரியுமா?"

அதற்கு நான் சொன்னதை எழுத முடியாது. போனையும் நானேதான் வைத்தேன்.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் அவள் கூப்பிடவில்லை. என் மனைவி தட்டை வைக்கிற சத்தம் மாடிவீடு வரை கேட்டது. "உங்க டெக்சாஸ் மாறினா என்ன, மாறாட்டி என்ன? எம்பொண்ணு குரல் எனக்குக் கேக்கணும்" என்றாள்.

கடையில் குமாஸ்தாவுக்கு ஒரே கொண்டாட்டம். "மாநிலம் இழுபறியாகும்னீங்க. வீடுல்ல ஆகியிருக்கு!"

கடைசியில் நானே கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒருவழியாக எடுத்தாள்.

"என்ன சமைச்ச?" என்றேன். இத்தனை வருஷத்தில் நான் அவளிடம் கேட்டிராத கேள்வி.

"மொஹிங்கா," என்றாள்; எங்கள் ஊர் மீன்குழம்பு நூடுல்ஸ்.

"மீன் கிடைக்குதா அங்க?"

கிடைக்கிறதாம், ஆனால் குழம்பில் ருசி இறங்கவில்லையாம். கொஞ்ச நேரம் மீனைப் பற்றியே பேசினாள். பிறகு சிரித்தாள்.

"என்னப்பா, டெக்சாஸ் பத்திக் கேக்கலையா?"

"டெக்சாஸா? அது எங்க இருக்கு?"

இன்னும் பலமாகச் சிரித்தாள். அந்தத் தைரியத்தில் ஒஹையோவைப் பற்றி ஒன்று கேட்க வாயைத் திறந்தேன். என் மனைவி போனைப் பிடுங்கிக்கொண்டாள்.