முப்பத்தொரு மணி நேரம்

"ஒன்பது மணி நேரமாம்! எவன் சொன்னான்?" என்று சிவப்புப் பேனாவால் தாளை அடித்துக்கொண்டிருக்கிறார் டிக்கெட் அக்கா. வாடிக்கையாளர்கள் இணையத்தில் பார்த்து அச்செடுத்து வரும் தாள். இந்த ஊருக்கும், இங்கே பிழைக்க வந்தவர்களின் சொந்த ஊருக்கும் இடையே ஆறாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர், பறக்கும் நேரம் ஒன்பது மணி பத்து நிமிடம் என்று அதில் இருக்கும். நேர் விமானமே கிடையாது என்பது மட்டும் இருக்காது. அடித்துவிட்டுப் பக்கத்தில் முப்பத்தொன்று என்று எழுதுவார்.

"வீட்டுலேருந்து ஏர்போர்ட் ரெண்டு. மூணு மணி நேரம் முன்னாடியே போய் நிக்கணும். மொத பிளைட் அஞ்சு. நடுவுல நாற்காலியில ஏழு. அடுத்த பிளைட் ஆறு. எறங்கினா வரிசை, பெட்டி, அது ரெண்டு. அப்புறம் பஸ்ஸுல ஆறு. கூட்டிப் பாரு!"

அதே அறையின் பாதியில் நகல் எடுக்கும் கடை வைத்திருக்கிறேன். இந்தக் கணக்கு எனக்குத் தூக்கத்திலும் வரும். இங்கேயே பிறந்து வளர்ந்து, இருபத்திரண்டு வருடமாக ஊரையே விமானம் ஏற்றிவிடும் இந்த மனுஷி இதுவரை ஒரு விமானத்திலும் கால் வைத்ததில்லை. தலைமேல் ஒரு கண்ணாடியை ஏற்றிவிட்டு மேசையெல்லாம் அதையே தேடுவார். யாராவது வந்து, சீக்கிரம் போகிற விமானம் எது என்று கேட்டால், விலை சொல்லமாட்டார். "யாருக்கு உடம்பு சரியில்ல?" என்பார். பெரும்பாலும் அந்த ஊகம் சரியாகத்தான் இருக்கும்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு வெல்டர் வந்தார். ஊரில் அப்பாவுக்கு ரொம்ப முடியவில்லை, இரண்டொரு நாள்தான் என்று மருத்துவமனையில் கைவிரித்துவிட்டார்களாம். தொழிற்சாலையில் மூன்று நாள் விடுப்பு. போக, வர எல்லாம் அதற்குள்.

அக்காவின் பேனா நின்றது. "எழுபத்திரண்டுல அறுபத்திரண்டு போச்சு. மிச்சம் பத்து. அந்தப் பத்து மணி நேரத்துக்குள்ள உங்கப்பா உயிரை விட்டாகணும், அப்படித்தானே? அவருக்கும் நேரம் குறிச்சுக் குடுத்தாங்களா?"

என்ன ஜென்மங்கள், இந்தத் தொழிற்சாலைக்காரர்கள்! அவர் கொண்டுவந்த விடுப்புத் தாளிலிருந்த தொழிற்சாலையின் போன் எண்ணை அக்கா சுழற்ற ஆரம்பித்துவிட்டார்.

"வேணாங்கக்கா, வேலைக்கே உலை வெச்சிடுவாங்க."

"நீ சும்மா இரு தம்பி."

மேலாளரின் குரல் என் இயந்திரம் வரைக்கும் கேட்டது. "ஒன்பது மணி நேரம்தானேம்மா? கம்ப்யூட்டர்ல பார்த்துட்டுத்தான் குடுத்திருக்கோம்."

"கம்ப்யூட்டர் பார்த்தா போதும் சார். இவரு போய்ச் சேரணும்ல?" முப்பத்தொன்றையும் ஒப்பித்தார். ஒரு மணிகூட விடவில்லை.

"ரூல் மூணு நாள். இவருக்குக் குடுத்தா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க. அப்பா எல்லாருக்கும்தான் இருக்காரு."

அக்காவின் முகம் சிவந்துபோனது. வாயைத் திறந்தார். நாலு தெரு கேட்கும்படி ஏதோ வரப்போகிறது என்று நான் இயந்திரத்தை நிறுத்தினேன்.

ஆனால் வெல்டர் முந்திக்கொண்டார். அதுவரை தலையைக் குனிந்து நின்றிருந்தவர், கவுண்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பெரிய ஆள், குலுங்கி அழுதார்.

"ஹலோ? ஹலோ?" என்றது போன்.

சுருண்டு கிடந்த ஒயர் நிமிர, அக்கா ரிசீவரைக் கவுண்டருக்கு மேலாக நீட்டி, அழுகிற அந்த வாய்க்குப் பக்கத்தில் பிடித்தார். கையை இறக்கவே இல்லை.