பெரியம்மாவின் நல்ல கணவர்

எர்மிந்தா பெரியம்மா என் அம்மாவுக்கு மூத்தவள். உருளைக்கிழங்கைத் தவிர வேறெதுவும் உருப்படியாக விளையாத மலையூரில் பிறந்து, அதே ஊரில் இரண்டு வேலி தள்ளி வாழ்க்கைப்பட்டவள். பெரியப்பா பெயர் மிசாயெல். குடிக்க மாட்டார். கை நீட்ட மாட்டார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையைத் தவறவிட மாட்டார். ஊரில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனிதர் என்பார்கள்.

அவரிடம் இருந்த கோளாறு வேறு. சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்ததும் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு, தட்டை விரலால் கொஞ்சம் தள்ளி வைப்பார். "இத மனுஷன் தின்பானா?" என்பார். சுற்றிலும் கிழங்கு தோண்ட வந்த கூலியாட்கள் உட்கார்ந்திருப்பார்கள். யாராவது ஒருவன் சிரிப்பான். பிறகு தட்டை இழுத்து, மிச்சமில்லாமல் வழித்துத் தின்றுவிட்டு எழுந்து போவார். ஒரு பருக்கை வீணாக்கியதில்லை. ஒரு நாளும் அந்தச் சொல்லை விட்டதும் இல்லை.

பெரியம்மா அடுப்படியில் நின்றபடியே அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். எல்லாரும் போன பிறகு, நின்றுகொண்டே சட்டியிலிருந்து தின்பாள். விடுமுறைக்குப் போயிருந்த நான் ஒரு முறை கேட்டேன்.

"நீங்களும் உக்காந்து சாப்பிடுங்களேன் பெரியம்மா."

"நான் உக்காந்துட்டா யாருடி எடுத்து வைக்கிறது?"

ஊர்த் திருவிழாவில் பன்றிக் கறி பொரிக்கும் கடை முன்னால் ஒரு முறை நின்று பார்த்தாளாம். அதற்குப் பெரியப்பா நாலு பேர் காதில் விழச் சொன்னார்: "வீட்ல அடுப்பு எரியாதவதான் ரோட்ல நின்னு திம்பா. வா." பிள்ளைகள் இருவரும் சமவெளிப் பக்கம் எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போய்விட்டார்கள். கிறிஸ்துமஸுக்குப் போன் செய்வார்கள்.

ஐம்பது வயதைத் தாண்டியதும் பெரியம்மாவுக்குக் கண்ணில் அழுத்தம் வந்தது. ஊர் மருத்துவர் தலைநகர் பொகோட்டாவிலுள்ள ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். சில மாதங்களுக்கு ஒரு முறை காட்ட வேண்டும். விடிகாலைப் பஸ்ஸில் தனியாக வந்து, கண்ணைக் காட்டிவிட்டு, ஒரு ராத்திரி என் அறையில் தங்கி, மறுநாள் திரும்பிவிடுவாள். நான் அந்த நகரத்தில் பள்ளிச் சீருடை தைக்கும் கம்பெனியில் வேலை செய்கிறேன். பகலில் லீவு கிடைக்காது. மாலை வீடு திரும்பும்போது பெரியம்மா என் கட்டிலில் உட்கார்ந்திருப்பாள். கண்ணுக்குச் சொட்டு மருந்து போட்டு வந்தவள் போலவே இருக்காது. கன்னம் சிவந்து, ஏதோ கல்யாணத்துக்குப் போய்வந்தவள் மாதிரி இருப்பாள்.

"சாப்டீங்களா?"

"வழியில ஏதோ வாயில போட்டுக்கிட்டேன்."

ரொட்டியும் காப்பியும் என்று நினைத்துக்கொள்வேன். இப்படியே ஒன்பது வருடம் போனது.

பிறகு ஆப்பரேஷன் என்றார்கள். கூட ஒருவர் கட்டாயம் வர வேண்டும் என்றார்கள். பிள்ளைகளால் முடியவில்லை. பெரியப்பா வந்தார். நானும் அன்று லீவு போட்டேன். பெரியப்பாவின் தலையில் தொப்பி, தோளில் கம்பளி, கையில் துணி மூட்டை. அதில் வேகவைத்த உருளைக்கிழங்கும் முட்டையும் சோள அடையும். ஆப்பரேஷனுக்குப் போகிறவளே விடியுமுன் எழுந்து சமைத்துக் கட்டியிருந்தாள்.

நண்பகலில் வெளியே விட்டார்கள். பெரியம்மாவின் வலது கண்ணில் கட்டு. இடது கண் முன்பே பாதிதான். பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து மூட்டையைப் பிரிக்கலாம், அப்புறம் பஸ் நிலையம் என்பது பெரியப்பாவின் திட்டம். தெரு முனையில் பெரியம்மா நின்றாள்.

"அடுத்த தெரு வழியாப் போலாங்க."

"ஏன், இதுக்கென்ன?"

"இது வழுக்கும்."

"அரக் கண்ண வச்சுக்கிட்டு எனக்கு வழி காட்ட வந்துட்டா" என்று சொல்லிவிட்டு நேராக நடந்தார். நாங்கள் பின்னால் போனோம்.

பாதித் தெரு தாண்டவில்லை, மழை பிடித்துக்கொண்டது. கூடவே கல்மழை. பெரியம்மாவின் கட்டு நனையக் கூடாது என்று நான் அவளை இழுத்துக்கொண்டு ஒரு கடையின் கூரைக்குக் கீழே ஒதுங்கினேன். அவள் சால்வையை முகம்வரை இழுத்துக்கொண்டாள். குளிர் என்று நினைத்தேன்.

"தோன்யா எர்மிந்தா!"

மூத்த பெண்களை மரியாதையாக அழைக்கும் அந்தச் சொல்லோடு, உள்ளேயிருந்து ஒரு பருத்த பெண் கரண்டியும் கையுமாக ஓடி வந்தாள். அந்தச் சாப்பாட்டுக் கடையின் சொந்தக்காரி, நூபியா. தன் முன்துணியாலேயே பெரியம்மாவின் தோளைத் துடைத்தாள். கேட்காமலே கைப்பிடித்து, ஜன்னலோரம் இருந்த மேசைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தாள்.

"உங்க எடம் காலியாத்தான் இருக்கு. இதென்ன கோலம்? கண்ணத் தொறந்துக்கிட்டு இருந்தப்ப ஒரு ஆம்பளயும் சிக்கல, கட்டினதும் ஒருத்தர் மாட்டிக்கிட்டாரா?" பெரியப்பாவைப் பார்த்துக் கண்ணடித்தாள். "வெக்கப்படாதீங்க தோன்யா. வீட்டுக்காரர் போயி எத்தன வருஷமாச்சு! அந்த நல்ல மனுஷனே மேலருந்து சந்தோஷப்படுவாரு."

வெளியே தகரத்தில் கல் விழும் சத்தம்.

"யாரு போனது?" என்றார் பெரியப்பா.

பெரியம்மா தலையைத் திருப்பவில்லை. நூபியா நின்ற பக்கமாகவே முகத்தை வைத்துக்கொண்டு, அமைதியாகச் சொன்னாள்:

"இவரு அவரோட தம்பி. ஆஸ்பத்திரிக்குத் தொணைக்கு வந்தாரு."

நூபியா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, மன்னிச்சுக்கங்க ஐயா. என் வாயே இப்படித்தான்." இரண்டு கைகளாலும் பெரியப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "உங்க அண்ணனப் பாக்கக் குடுத்து வைக்கல. ஆனா பாத்த மாதிரியேதான் இருக்கு. அவ்வளவு கேட்டிருக்கேன்."

யாரும் எதுவும் கேட்காமலே மூன்று கிண்ணங்கள் வந்தன. கோழியும் மூன்று வகை உருளைக்கிழங்கும் போட்டு, மஞ்சள் கிழங்கு கரைந்து கெட்டியாகும் வரை காய்ச்சிய அஹியாக்கோ சூப். மேலே பாலாடை, பக்கத்தில் வெண்ணெய்ப்பழம், உள்ளே ஒரு சோளக் கதிர். பெரியம்மாவின் கிண்ணத்தில் மட்டும் கோழியை முன்பே எலும்பில்லாமல் உதிர்த்துப் போட்டிருந்தார்கள். அவள் கரண்டியை எடுத்தாள். உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, அவசரமில்லாமல் சாப்பிட்டாள். பெரியம்மா அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை.

கூட்டம் குறைந்ததும் நூபியா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"உங்க அண்ணன் தெனம் காலையில அவரே காப்பி வச்சுக் கட்டில்ல கொண்டு வந்து குடுப்பாராமே. எனக்கும் வாய்ச்சானே ஒருத்தன்! சுடுதண்ணிகூட வைக்கத் தெரியாது."

பெரியப்பா கரண்டியை அப்படியே பிடித்திருந்தார்.

"தோன்யாவ உக்கார வைக்காம ஒரு வாய் தின்ன மாட்டாராம். ஏரிக்கரைக்குக் கூட்டிட்டுப் போயி மீன் வாங்கித் தருவாராம். முள்ளெல்லாம் எடுத்து! கூலியாளுங்க முன்னாடி, 'என் பொண்டாட்டி கைக்கு ஈடு உண்டாடா'ன்னு கேப்பாராம்."

"எப்படிச் செத்தான்?" என்று கேட்டார் பெரியப்பா.

நூபியா திடுக்கிட்டாள். "உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். ஒங்ககிட்ட இவங்க எப்படிச் சொல்லியிருக்காங்கன்னு கேக்குறேன்."

"நெஞ்சுவலின்னாங்க. கெழங்கு மூட்டையத் தூக்குனவரு அப்படியே சாஞ்சுட்டாராம். தோன்யா மடியிலதான் உசுரு போச்சாம்." நூபியாவின் கண் கலங்கிவிட்டது. முன்துணியால் துடைத்துக்கொண்டாள்.

பெரியப்பா கிண்ணத்தைத் தள்ளுவார் என்று காத்திருந்தேன். தள்ளவில்லை. கிண்ணத்தை ஒட்ட வழித்துத் தின்றார். சோளக் கதிரைக்கூட விடவில்லை. எழுந்தபோது நூபியா கேட்டாள், "எப்படி ஐயா இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு" என்றார்.

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன். பெரியம்மாவும் அன்றுதான் கேட்டிருப்பாள். கட்டுப் போடாத கண்ணை மூடிக்கொண்டாள்.

பஸ் நிலையத்தில் பெரியப்பா டிக்கெட் வாங்கி வந்து பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எத்தன வருஷமா நான் செத்துக் கெடக்கேன்?"

"ஒம்போது."

"என்னத்துக்குடி?"

"மொதல்ல வேணும்னு சொல்லல." பெரியம்மா மடியில் இருந்த பிரிக்காத மூட்டையைத் தடவிக்கொண்டே பேசினாள். "தனியா வந்திருக்கீங்களே, வீட்டுக்காரர் இல்லியான்னு அந்தம்மா கேட்டா. இல்லன்னேன். ஊர்ல இருக்காருங்கிறதச் சொல்ல வாயெடுக்குறதுக்குள்ள, ஐயோ பாவம்னு கையப் புடிச்சுக்கிட்டா. யாரு எனக்கு அப்படிக் கையப் புடிச்சா? விட்டுட்டேன். அடுத்த தடவ, எப்படிப்பட்டவருன்னு கேட்டா."

"அதுக்கு அந்தக் கதையெல்லாமா?"

"பின்ன? இருந்தபடி சொல்ல எனக்கு வெக்கமா இருந்திச்சு."

பஸ் வந்ததும் அவளைக் கைப்பிடித்து ஏற்றினார். போகும் வழியில் திட்டுவாரோ என்று எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. ஒரு சொல்கூடச் சொல்லவில்லையாம்.

ஆப்பரேஷன் கைகொடுக்கவில்லை. வலது கண் அணைந்துபோனது. இடது கண்ணில் நிழல்தான் தெரியும். இனிமேல் வந்தும் பிரயோசனம் இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பெரியம்மாவின் பயணம் நின்றது.

அடுத்த வருடம் கம்பெனிக்குப் பொத்தான் வாங்க என்னை அந்தப் பக்கம் அனுப்பினார்கள். பகல் நேரம். நூபியாவின் கடை ஜன்னலில் ஒரு தொப்பியைப் பார்த்தேன். உள்ளே, பெரியம்மாவின் இடத்தில், பெரியப்பா உட்கார்ந்திருந்தார்.

கழுத்தில் துணி செருகியிருந்தார். முகத்தில் சிரிப்பு. நூபியா இடுப்பில் கைவைத்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து மேசைக்காரர்களும் திரும்பியிருந்தார்கள்.

"எங்கண்ணன் இருக்கானே, ஓடையில வெள்ளம் வந்தப்ப அவளத் தோள்மேல தூக்கிக்கிட்டே திருவிழாவுக்குப் போனான். ஊரே சிரிச்சுது. அவனுக்கென்ன! சிரிங்கடான்னுட்டான்."

என்னைப் பார்த்ததும் கொஞ்சம் தடுமாறினார். உடனே சமாளித்து, "மழ வர்ற மாதிரி இருக்கு, உள்ள வந்து உக்காரு" என்றார்.

நூபியா எனக்கும் நாற்காலி இழுத்தாள். "மாசா மாசம் சந்தைக்குக் கெழங்கு கொண்டு வர்றப்ப ஐயா இங்கதான் சாப்பிடுறாரு. தோன்யாவ ஏன் கூட்டிட்டு வர மாட்டேங்கிறீங்க? வெளிச்சாப்பாடு இப்ப ஒத்துக்கிறதில்லையாமே?"

நான் பெரியப்பாவைப் பார்த்தேன். பாலாடையைக் கரண்டியால் கலக்கிக்கொண்டிருந்தார். நூபியாவின் முகத்தில் அவ்வளவு அன்பு. உண்மையைச் சொன்னால் அதில் பெரியம்மாவின் பொய்யும் சேர்ந்து உடையும். "ஆமா, ஒத்துக்கிறதில்ல" என்றேன்.

தெருவுக்கு வந்ததும் கேட்டேன். "இது உங்களுக்கே நியாயமா?"

"நான் என்ன தப்புப் பண்ணிட்டேன்? அவ சொன்னதைத்தான் நானும் சொல்றேன்."

"சொல்றதுக்குப் பதிலா வீட்ல செய்யலாம்ல?"

"எத?"

"காப்பி வச்சுக் குடுக்கிறது. உக்கார வச்சுச் சாப்பிடச் சொல்றது."

விவரம் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். "செத்தவன் செஞ்சத நான் எப்படிடி செய்ய முடியும்?" தொப்பியைச் சரிசெய்துகொண்டு சந்தைப் பக்கம் போனார்.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனேன். பெரியம்மா அடுப்படியில் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். பார்வை இல்லாவிட்டாலும் கை நிற்கவில்லை. வெளியே ஆட்கள் சாப்பாட்டுக்குக் காத்திருந்தார்கள். அவளிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நின்றேன். அவளே ஆரம்பித்தாள்.

"நூபியா நல்லாருக்காளா? அவரு கம்பளியில அந்தக் கட வாசன வருது. ரொம்ப நாளாத் தெரியும்."

"நீங்க ஒண்ணும் கேக்கலியா?"

"என்ன கேக்கிறது?" கத்தியை நிறுத்தினாள். "எனக்குன்னு ஒரு நல்ல புருஷன் அங்க இருந்தாரு. அவரையும் இவரு எடுத்துக்கிட்டாரு."

"என்கூட வாங்க பெரியம்மா. என் வீட்டுப் பக்கத்துலயே நல்ல கட இருக்கு. லீவு போட்டுக் கூட்டிட்டுப் போறேன்."

சிரித்தாள். "அங்கயும் யாராவது கேப்பாங்கடி, வீட்டுக்காரர் எப்படிப்பட்டவருன்னு. மறுபடி மொதல்லருந்து ஒருத்தர உண்டாக்கணும். அந்தத் தெம்பு போயிருச்சு."

வெளியிலிருந்து பெரியப்பா சாப்பாட்டுக்குக் குரல் கொடுத்தார். பெரியம்மா சுவரைத் தொட்டுக்கொண்டே எழுந்து, தட்டுகளை எண்ணி அடுக்கத் தொடங்கினாள்.