அலமாரிக்குள் ஒரு பலூன்

நான் முதன்முதலில் மனம்விட்டுப் பேசிய ஆள் ஒரு பலூன். அதற்கு மார்க்கர் பேனாவால் கண்ணும் மீசையும் வரைந்துவிட்டு, பள்ளி விட்டு வந்ததும் படுக்கையறை அலமாரியைத் திறந்து, "என்ன தம்பி, சாப்டியா?" என்று விசாரிப்பேன். எனக்கு வயது மூன்று என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்பது. பதினாறாம் வாய்ப்பாடு வரை தெரியும். யாரும் ஊதாமலேயே ஒரு பலூன் எப்படி நாளுக்கு நாள் பெரிதாகிறது என்று கேட்க மட்டும் தெரியவில்லை. ஒரே பிள்ளைக்கு உடன்பிறப்பு கிடைத்த சந்தோஷத்தில் கேள்விகள் தோன்றாது போலும்.

தம்பி உட்கார்ந்திருந்தது ஒரு பெரிய குடிதண்ணீர் கேனின் வாயில். கேனுக்குள், போதையில்லாத பார்லி பானத்தோடு சர்க்கரையும் ரொட்டிக்குப் போடும் ஈஸ்டும் சேர்த்து அப்பா ஊற்றி வைத்திருந்தார். அப்போது நாங்கள் ஷார்ஜாவில் இருந்தோம். அங்கே மதுவுக்கு அனுமதியே கிடையாது. பக்கத்து அஜ்மானில் போய் வாங்கலாம். ஆனால் அதை டிக்கியில் வைத்துக்கொண்டு எல்லை தாண்டி வருவதற்குள் சட்டை நனைந்துவிடும். அதனால் அப்பா தானே தயாரித்தார். தயாரிப்பதில் அவருக்குப் பெருமை வேறு.

"வாங்கிக் குடிக்கிறவன்தான் குடிகாரன். நான் செஞ்சு பாக்குறவன். இது ஹாபி" என்பார்.

"ஹாபின்னா ஸ்டாம்பு சேக்கணும் மச்சான். அதையும் நாக்குலதான் ஒட்டணும்" என்பார் மாமா. மாமா என்றால் சொந்த மாமா இல்லை. கல்யாணத்துக்கு முன் அப்பாவோடு ஒரே ரூமில் இருந்தவர். வெள்ளிக்கிழமைதோறும் அஜ்மானிலிருந்து வருவார். பிரியாணி தின்றுவிட்டு, அப்பாவின் பீரைக் கண்ணாடித் தம்ளரில் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, "கலரெல்லாம் சூப்பர். குடிச்சாத்தான் கஷ்டம்" என்று சொல்லிக்கொண்டே காலி செய்வார்.

அம்மா மட்டும் சிரிக்க மாட்டாள். "மாட்டினா வேலை மட்டுமா போகும்? விசா போகும். மூணு பேரும் மூட்டை கட்டணும்" என்பாள். "யாருடி சொல்லப்போறா?" என்பார் அப்பா. இருவரும் என்னைப் பார்ப்பார்கள். நான் வாயைப் பொத்திக் காட்டுவேன். ரகசியம் காப்பதில் நான் கில்லாடி. மற்றவற்றில்தான் கோளாறு.

ஒரு கேன் இரண்டு கேனானது. எனக்கு இரண்டு தம்பிகள். வெள்ளிக்கிழமை வியாழன் இரவே தொடங்கி, சனிக்கிழமை மதியம் வரை நீண்டது. சனிக்கிழமைகளில் அம்மா அப்பாவின் ஆபீசுக்கு போன் செய்து காய்ச்சல் என்று சொல்வாள். வாரம் தவறாமல் சரியாகச் சனிக்கிழமை வரும் இந்தக் காய்ச்சலைப் பற்றி நான் அறிவியல் டீச்சரிடம் கேட்கலாம் என்றிருந்தேன். அம்மா ஹாலில் என் பாயில் வந்து படுக்கத் தொடங்கினாள். அப்பாவின் குறட்டைதான் காரணம் என்று முடிவு செய்து, மூக்கடைப்பு மருந்தை எடுத்து அவர் தலைமாட்டில் வைத்தேன். அத்தனை கெட்டிக்காரன்.

அதைவிடப் பெரிய கெட்டிக்காரத்தனம் கார் சாவி விஷயத்தில். வெள்ளிக்கிழமை மதியமானால் அம்மா கார் சாவியை அரிசி டப்பாவுக்குள் புதைத்துவிடுவாள். அது எனக்காக வைத்த விளையாட்டு என்று நான் நினைத்தேன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, மாமாவை அஜ்மானில் விட்டு வர வேண்டுமென்று அப்பா சாவியைத் தேடி வீட்டைப் புரட்டினார். நான் அரிசிக்குள் கையை விட்டு எடுத்து நீட்டினேன். "என் சிங்கம்டா!" என்று என்னைத் தூக்கிச் சுற்றினார். திரும்பி வந்தபோது காரின் ஒரு பக்கக் கதவு முழுக்க உள்ளே போயிருந்தது. தூணில் உரசிவிட்டதாம். நல்லவேளை, போலீஸ் யாரும் பார்க்கவில்லை. அம்மா என்னைத் திட்டவே இல்லை. சட்டையில் ஒட்டியிருந்த அரிசியை மட்டும் தட்டிவிட்டாள்.

அந்தக் கோடையில் ஒன்றரை மாத லீவுக்கு ஊருக்குக் கிளம்பினோம். லீவுக்குப் போகிறவர்கள் பிரிட்ஜைக் காலி செய்து, கதவைத் திறந்து துண்டைச் செருகி வைத்துவிட்டுப் போவது வழக்கம். ஆனால் அப்பா கிளம்பும் வாரத்தில்தான் இரண்டு கேன் சரக்கையும் பாட்டில்களில் அடைத்து, மூடியை இறுக்கி, அலமாரியில் அடுக்கியிருந்தார். திரும்பி வரும்போது பதமாக இருக்குமாம். பிரிட்ஜை அணைத்துவிடுவதால் படுக்கையறை ஜன்னல் ஏசியை நாற்பத்தைந்து நாளும் ஓடவிடுவதாகத் திட்டம்.

"அதை மட்டும் யாரும் தொடக் கூடாது. ரூம் சூடாச்சுன்னா பாட்டில் ஒவ்வொண்ணும் குண்டு" என்று மாமாவிடமும் சொன்னார், அம்மாவிடமும் சொன்னார். "சரி" என்றாள் அம்மா. அப்போது நான் பள்ளியில் இருந்தேன். என்னிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

அட்டைப்பெட்டிகளில் மற்றவர்கள் பால்பவுடரும் தைலமும் சோப்பும் கட்டுவார்கள். அம்மா குக்கரையும் கல்யாண ஆல்பத்தையும் கட்டினாள். "ஊர்ல குக்கர் இல்லையாம்மா?" என்றேன். "கயித்தைப் புடி" என்றாள்.

அப்பாவும் மாமாவும் பெட்டிகளை லிஃப்டில் இறக்கப் போயிருந்தார்கள். அம்மா செருப்பை மாட்டிக்கொண்டே, "சுவிட்சு எல்லாம் அணைச்சிருக்கான்னு பாத்துட்டு வா. பெட்ரூமையும் பாரு" என்றாள். மின்சாரம் சேமிப்போம் என்று பள்ளியில் கொடுத்த பேட்ஜ் என் சட்டையில் குத்தியிருந்தது. ஆள் இல்லாத அறையில் ஏசி ஓடுவதைக் கண்டு அதிர்ந்து, நாட்டைக் காப்பாற்றும் மிடுக்கோடு அணைத்தேன். விமானத்தில் ஜன்னல் சீட்டை எனக்குத் தராமல் அம்மாவே உட்கார்ந்தாள். கீழே விளக்குகள் மறையும்வரை முகத்தைத் திருப்பவில்லை. வேடிக்கை பார்க்கிறாள் என்று எனக்குக் கோபம்.

ஊருக்கு வந்த மூன்றாவது வாரம் மாமாவின் போன். கீழ்வீட்டுக்காரர்கள் துப்பாக்கிச் சத்தம் என்று பயந்து வாட்ச்மேனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மாற்றுச் சாவியால் கதவைத் திறந்தவுடன் வாடை காரிடார் முழுக்கப் போயிருக்கிறது. "வராதீங்க மச்சான். கம்பெனில விசாவை கேன்சல் பண்றாங்க. வந்தா ஏர்போர்ட்லயே புடிச்சிருவாங்க. கலாஸ்." கலாஸ் என்றால் முடிந்தது என்று எனக்கே தெரியும். அப்பா போனைப் பிடித்தபடி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். "பழைய ஏசி. நின்னுபோயிருக்கும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அம்மா தோசையைத் திருப்பிப் போட்டாள். போனில் யார், என்ன என்று கேட்கவில்லை. நான் அந்த பேட்ஜைத் தேடி எடுத்து அரிசி டப்பாவுக்குள் புதைத்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கடை இருந்தது. ஆரம்பத்தில் அப்பா அங்கே வாங்கிய பீரைப் பற்றிக் கருத்து சொல்வார்: "நுரையே நிக்கலை, இதெல்லாம் ஒரு பீரா?" பிறகு பீரிலிருந்து வேறொன்றுக்கு மாறினார், கருத்தும் நின்றது. அங்கே வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமைதான். இங்கே எல்லா நாளும் வெள்ளிக்கிழமை. நான் கல்லூரியை முடிப்பதற்குள் அப்பா முடிந்துவிட்டார். கடைசிவரை அந்த ஏசியைத்தான் திட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஏசியின் சார்பில் திட்டு வாங்கிக்கொண்டேன்.

அவருடைய முதல் வருஷத் திதியன்று, வந்தவர்களெல்லாம் சாப்பிட்டுப் போனபின், அம்மா இலைகளைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். இனி தாங்காது என்று, "அம்மா, அன்னிக்கு ஏசியை அணைச்சது நான்தான்" என்றேன்.

அம்மா நிமிரவில்லை.

"பெட்ரூமையும் பாருன்னு சொன்னது யாரு?"