நான் அடித்துவிட்ட வரி

அந்த யோசனை எனக்கு வந்தது காவிரிப் பாலத்தின் நடுவில், ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில். முன்னால் ஏதோ லாரி பழுதாகி நின்றுவிட்டது. அன்று காலை மகளிர் நோய் வார்டில், மூன்றாம் வருஷ மருத்துவ மாணவி ஒருத்தி நோயாளியின் கதையைச் சொல்ல ஆரம்பித்து, சீஃப் மேடத்தின் இரண்டாவது கேள்வியிலேயே அழுதுவிட்டாள். அதற்குப் பத்து நிமிஷம் முன்னால் யாராவது அவளுடைய கேஸ் ஷீட்டை ஒருதடவை பார்த்துக் கொடுத்திருந்தால்? ஃபைனல் இயர்க்காரி நான் எதற்கு இருக்கிறேன்? ஸ்ரீரங்கத்தில் இறங்குவதற்குள் வாட்ஸ்அப் குரூப் தொடங்கி, ஆறு ஜூனியர்களைச் சேர்த்து, விதியும் எழுதிவிட்டேன்: என் கண்ணில் படாமல் எந்தக் கேஸும் மேடத்திடம் போகக் கூடாது.

தில்லை நகரில் ஒரு ஜூஸ் கடை மாடியில் சந்திப்போம். நான் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருப்பேன். அவர்கள் அதற்கு சலூன் என்று பேர் வைத்தார்கள்.

"அக்கா, ஓரத்துல மட்டும் வெட்டுங்க. போன தடவை மொட்டையே போட்டுட்டீங்க."

வெட்டுவதில் நான் கெட்டிக்காரி. எங்கள் கல்லூரியில் ஒரு பேட்ச் அடுத்த பேட்சுக்குக் கைமாற்றிவிடும் தந்திரம் ஒன்று உண்டு. ஷீட்டில் எழுதுவதெல்லாம் கேள்வியாகத் திரும்பி வரும், அதனால் பதில் தெரியாததை எழுதாதே. நான் அதை ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு மாசம் வார்டில் யாரும் அழவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம் அந்த ஷீட் வந்தது. கொண்டுவந்தது, முதல் நாள் அழுதாளே, அதே பெண். நோயாளி ஜீயபுரம் பக்கம் வாழைத் தோட்டத்தில் வேலை செய்பவர், வயது முப்பதுக்கு மேல். ஏழு மாசமாக மாதவிடாய் இல்லை. தாடையில் முடி. ஸ்கேனில் ஒரு சினைப்பை கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. கடைசி வரியில், 'நாலு மாசமாகக் குரல் கட்டையாகிவிட்டது.'

"இது என்ன?"

"அவங்க சொன்னாங்கக்கா."

"தொண்டை வார்டுக்கா கேஸ் எழுதற? குரல் ஏன் மாறுச்சுன்னு மேடம் கேட்டா என்ன சொல்லுவ?"

"தெரியாதுக்கா. ஆனா அவங்க வாயே திறக்க மாட்டேங்கறாங்க, எல்லாத்துக்கும் நாத்தனார்தான் பதில் சொல்றாங்க. அந்தம்மா டீ வாங்கப் போனப்ப என்கிட்ட ரெண்டு வார்த்தை பேசினாங்க. ஆம்பளைக் குரல் மாதிரியே இருந்துச்சுக்கா."

"சளி புடிச்சிருக்கும். அழகான நீர்க்கட்டி கேஸ், பிசிஓடி, அதை ஏன் கெடுக்கற?"

அந்த வரியைச் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டேன். அங்கிருந்து ஆட்டோ பிடித்தால் வார்டுக்குப் பத்து நிமிஷம். போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சாத்துக்குடி ஜூஸ் சொன்னேன்.

அந்த வரி இல்லாமல் புதுசாக எழுதிய ஷீட்டோடு, மறுநாள் அவள் தடுமாறாமல் சொன்னாள். "வேற ஏதாவது இருக்கா?" என்றார் மேடம். "இல்ல மேடம்." நோயாளி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு படுத்திருந்தாராம், பேசியதெல்லாம் நாத்தனார். மாத்திரை எழுதி, மூன்று மாசம் கழித்து வரச் சொன்னார்கள். குரூப்பில் கைதட்டல் படங்கள் குவிந்தன. முதல் கைதட்டல் என்னுடையது.

மூன்று மாசம் வரை அவரால் தாங்க முடியவில்லை. வயிற்று வலியோடு பத்தாவது வாரமே வந்தார். சினைப்பையில் தேங்காய் அளவுக்குக் கட்டி. அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். நல்லவேளை, பரவியிருக்கவில்லை. பேத்தாலஜி பேராசிரியர் எங்களை மைக்ராஸ்கோப்புக்குக் கூப்பிட்டார். ஆண் ஹார்மோனைச் சுரக்கிற கட்டி அது, பெயர் செர்ட்டோலி-லேடிக். மிக அபூர்வம். நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்.

"பிசிஓடி மாதிரியே ஏமாத்தும். ஆனா ஒரு துப்பு குடுத்துட்டுத்தான் ஏமாத்தும். குரல். இந்தம்மாவுக்குக் குரல் மாறியிருந்துச்சா? ஷீட்டுல ஒண்ணுமே இல்லையே. யார் கேஸ் எடுத்தது?"

"நான்தான் சார்," என்றாள் ஜூனியர்.

"குரலைப் பத்திக் கேக்கலையா?"

நான் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஊதா நிறச் செல்கள் கலங்கிக்கொண்டே போயின.

"கேக்கல சார்," என்றாள்.

"கேட்டிருக்கணும்மா."

அந்த வார்டில் கேட்டது அவள் ஒருத்திதான்.

வெளியே வந்ததும், "ஏன்டி அப்படிச் சொன்ன?" என்றேன்.

"நீங்க சொல்லுவீங்கன்னு கொஞ்ச நேரம் பார்த்தேன்க்கா," என்றாள். கோபமே இல்லாமல்.

அன்று மத்தியானம் நோயாளியைப் பார்க்கப் போனேன். முதல் தடவையாக. நாத்தனார் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"எங்க அண்ணி ஒரு சத்தம் குடுத்தா தோட்டத்துக்கு அந்தப் பக்கம் இருக்கறவங்க திரும்பிப் பாப்பாங்க டாக்டர். இப்ப போன் எடுத்தா, 'அண்ணே, வீட்டுல பொம்பளைங்க யாரும் இல்லையா'ங்கறாங்க."

"சும்மா இரு நீ," என்றார் நோயாளி. அந்தக் குரலை அப்போதுதான் கேட்டேன். பிறகு என்னிடம், "குரல் பழையபடி வந்துடுங்களா?"

மாதவிடாய் திரும்பும். முடி குறையும். குரல் மட்டும் முழுசாகத் திரும்புவது அரிது. அன்று காலைதான் படித்திருந்தேன். பத்து வாரம் முன்னாடியே எடுத்திருந்தால் இவ்வளவு கட்டையாகியிருக்காதா என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த 'யாராலும்' என்ற சொல்லைத்தான் நாலு நாளாகப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறேன்.

"மேடத்தைக் கேட்டுச் சொல்றேங்க," என்றேன். மறுபடியும் நழுவிவிட்டேன்.

வீட்டுக்குப் போய்விட்ட நோயாளி நாளைக்குத் தையல் காட்ட வருகிறார். எட்டு மணிக்கு முன்னால் மேடம் அறையில் தனியாக இருப்பார். என் சிவப்புக் கோடு விழுந்த அந்தப் பழைய ஷீட்டை அவர் மேஜையில் வைத்து, அடித்தது யார் என்று சொல்லப்போகிறேன். தானும் வருவதாக ஜூனியர் சொன்னாள், வேண்டாம் என்றுவிட்டேன். அடுத்து பேராசிரியரிடம். குரூப் இருக்கலாமா, கலைக்கலாமா என்பதை அவர்களே சொல்லட்டும். இருந்தால், இனி சந்திப்பு நோயாளியின் கட்டில் பக்கத்தில்தான். அப்புறம் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பிரிவுக்கு நோயாளியை நானே கூட்டிப்போகப் பார்க்கிறேன். வழியில் குரலைப் பற்றிய உண்மையையும் சொல்ல வேண்டும். அவர் எவ்வளவு நேரம் பேசினாலும், குறுக்கே பேசாமல்.